கோவளம் அலை முதல் கண்ணகி நகர் சுவர் வரை: சென்னையின் இளம் கலைஞர்கள் உலகம் எப்படி இயங்குது? கீழ்பென்னாத்தூர் பசங்களுக்கு அதில் இடம் இருக்கா?

கீழ்பென்னாத்தூர்: திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் பஸ்சுக்கு நிற்கும் பத்து இளைஞர்களின் செல்போனைப் பாருங்க. ஒருத்தர் ராப் பாட்டு கேட்கிறார். ஒருத்தர் ரீல்ஸ் எடிட் பண்றார். இன்னொருத்தர் கல்யாண ஆல்பத்துக்கு டிசைன் போட்டுக்கிட்டு இருக்கார். 'இதையே தொழிலாப் பண்ணலாமா?' என்ற கேள்வி எல்லார் மனசுலயும் இருக்கு. ஆனா வீட்டில் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "இதுல சோறு போடுமா?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப் போறோம். இசை, ஓவியம், ஃபேஷன், அலைச்சறுக்கு என்று சென்னையில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு புது உலகம் உருவாகியிருக்கு. அது எங்கே இருக்கு? யார் உருவாக்கினாங்க? வெளியூர் பசங்க எப்படி உள்ளே போகலாம்? முக்கியமா, உழைப்புக்குப் பேரும் பணமும் கிடைக்க என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது புது விஷயமா?

முழுக்கப் புதுசு இல்லை. சென்னையில் கலைக்கென ஒரு கல்லூரி தொடங்கி 175 ஆண்டுகள் ஆயிடுச்சு. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்று எழும்பூரை ஒட்டி, பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும், அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர்கள் கிராமத்தை உருவாக்கினாங்க. ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி, கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்த இடம் அது. 'கலைஞன் எப்படிப் பிழைப்பது?' என்ற கேள்விக்கு அன்றைய தலைமுறை கண்டுபிடித்த பதில் என்றே இதைச் சொல்லலாம்.

அப்போ இப்போ மாறியது என்ன? யார் உள்ளே வர்றாங்க என்பதுதான். மீனவக் குப்பம், மறுகுடியமர்வு குடியிருப்பு, வடசென்னைத் தெரு, அரக்கோணம் மாதிரியான ஊர்கள் என இதுவரை மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட இடங்களில் இருந்து பசங்க நேரடியாக மேடைக்கு வந்துட்டாங்க.

இசை: கானாவும் ராப்பும் ஒரே மேடையில்

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு அன்றுதான் முதன்முதலில் மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். ஒரு காலத்தில் சாவு வீட்டோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட கானாவை, பெரிய மேடையில் கூட்டத்தின் முன் நிறுத்திய நிகழ்ச்சி அது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி, 2020ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அதே குழுவில் இருந்து வந்தவர்தான் ராப் பாடகர் அறிவு. சொந்த ஊர் அரக்கோணம். 2019ல் இசைக் கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையில் இருந்து அந்தப் பாட்டு பிறந்ததாக அறிவு சொல்லியிருக்கார்.

கவனிக்க வேண்டிய விஷயம், இது சினிமா பாட்டு இல்லை. ஹீரோ இல்லை, படம் இல்லை. தமிழில் சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது இந்தப் பாடல். அதே பாடல்தான் பேர், பணம் பற்றிய பெரிய விவாதத்தையும் கிளப்பியது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

ஓவியம்: கேலரியில் இருந்து சுவருக்கு

சென்னையின் தெற்கே இருக்கும் கண்ணகி நகர், 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவான மறுகுடியமர்வுப் பகுதி. நகரத்தின் பல பகுதிகளில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. 'எந்த ஊர்?' என்று கேட்டால் பேரைச் சொல்லவே தயங்க வேண்டியிருக்கு என்பது அங்கே உள்ள பசங்களின் நீண்ட நாள் வருத்தம்.

2020ல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, பெயின்ட் நிறுவனத்தின் ஆதரவோடு அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைய ஆரம்பித்தது. உள்நாட்டு, வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து வரைந்தார்கள். கண்ணகி நகர் 'கலை மாவட்டம்' என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டு இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில், சென்னையைச் சேர்ந்த சுவரோவியர் ஏ-கில் உள்ளிட்டோர் சாதாரண மனிதர்களின் முகங்களை ஒரு பெரிய ஓவியமாக வரைந்தார்கள். ரயிலில் போகிற யாரும் டிக்கெட் வாங்காமல் பார்க்கும் கண்காட்சி அது.

இதில் ஒரு விமர்சனமும் இருக்கு. சுவருக்கு வண்ணம் அடித்தால் குடிநீர், வேலை, பஸ் வசதி வந்துடுமா என்ற கேள்வி நியாயமானது. ஓவியம் அதையெல்லாம் தீர்க்காது. ஆனா அந்த இடத்தின் பேரை வேற மாதிரி சொல்ல ஒரு காரணம் கொடுத்தது.

இதேபோல் 2015ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு கலை விழா தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும், சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது அது. சபாவில் கேட்கும் கச்சேரி, மீனவக் குப்பத்தில் பறையோடும் கூத்தோடும் ஒரே மேடையில் நடந்தது.

அலைச்சறுக்கு: கட்டுமரத்தில் இருந்து சர்ஃப் போர்டுக்கு

கடலே இல்லாத நம்ம ஊருக்கு சர்ஃபிங் எதுக்கு என்று கேட்கலாம். கதையைக் கேளுங்க.

சென்னையில் இருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவ ஊர் கோவளம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர், யாரும் சொல்லித் தராமல் தானே அலை மேல் நிற்கப் பழகினார். வெளியில் இருந்து வந்த ஒருவர் தன் போர்டைக் கொடுக்க, அதன் பிறகு விட்டுப் பிடிக்கவே இல்லை. ஊர்ப் பசங்களுக்கும் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012ல் கோவ்லாங் பாயின்ட் சர்ஃப் பள்ளி உருவானது. 2013ல் சர்ஃபிங்கையும் இசையையும் சேர்த்து அங்கே ஒரு திருவிழாவே தொடங்கியது.

இந்தக் கதையின் முக்கியமான பகுதி, அலையை விட கரையில்தான் இருக்கு. கற்றுக்கொண்ட மீனவ இளைஞர்கள் பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் ஆனாங்க. அதாவது கடலை நம்பிய குடும்பங்களுக்கு அதே கடலில் இன்னொரு வருமானம். கோவளம் கடற்கரைக்கு 2021ல் சர்வதேச நீலக்கொடி சான்றும் கிடைத்தது.

அலைச்சறுக்கு, டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

கிணத்துலயும் ஏரியிலயும் நீச்சல் பழகிய நம்ம பசங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடல் வேற. கரையில் இருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துட்டுப் போயிடும். பயிற்சியாளர் இல்லாமல் இறங்கவே கூடாது.

ஃபேஷன்: தரமணியும் ஆரணியும்

சென்னை தரமணியில் இருக்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம், அதாவது நிஃப்ட், 1995ல் இருந்து இயங்குது. மத்திய அரசு நிறுவனம். நான்கு ஆண்டு பி.டெஸ். படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் பொது அறிவுத் திறனோடு, கற்பனைத் திறனையும் வரைதலையும் சோதிக்கும் தாளும் இருக்கும். கைவினைஞர்கள், அவர்களின் பிள்ளைகளுக்கென ஒரு சேர்க்கை வழியும் இருப்பதால், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆண்டு அறிவிப்பைத் தவறாமல் பார்க்கணும்.

இங்கே திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஒரு பெரிய பலம் இருக்கு. அதுதான் ஆரணி பட்டு. வெளியூர் மாணவர் புத்தகத்தில் படிக்கும் பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையிலேயே தெரியும். படிப்பும் அந்தக் கை அறிவும் சேர்ந்தால் வரும் டிசைனை நகரத்தில் மட்டும் வளர்ந்தவர் அவ்வளவு சுலபமாகக் கொண்டுவர முடியாது.

சரி, பேரும் பணமும் யாருக்குப் போகுது?

இப்போ முன்னாடி நிறுத்தி வைத்த விஷயத்துக்கு வருவோம்.

2022 ஜூலை 28. சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. 'என்ஜாய் எஞ்சாமி' மேடையில் பாடப்பட்டது. பாடகி தீ இருந்தார், கிடக்குழி மாரியம்மாள் இருந்தார். அறிவு இல்லை. சில நாள் கழித்து அறிவு, பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடி நடித்தது தான்தான் என்று இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். பாட்டு மூவரின் கூட்டு உழைப்பு என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். பிறகு 2024 மார்ச்சில், அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோவில் சொன்னார்.

யார் சரி என்று தீர்ப்பு சொல்வது நம்ம வேலை இல்லை. ஆனா ஒன்றை யோசிங்க. முன்னணி இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால், 19 வயதில் ஒரு செல்போனும் ஒரு மைக்கும் வைத்துப் பாட்டு போடும் பையனுக்கு?

அதனால்தான் சட்டம் தெரிஞ்சிருக்கணும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இளம் கலைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறு. பாட்டை எழுதி முடித்த, படத்தை வரைந்து முடித்த அந்த நிமிஷமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துடும். பதிவு என்பது பிறகு வழக்கு வந்தால் காட்டும் ஆதாரம். பாடல் வரி, மெட்டு போன்றவற்றைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

2. ஒரு பாட்டில் ஒரே உரிமை இல்லை. வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை, பெரும்பாலும் பணம் போட்ட தயாரிப்பாளரிடம் இருக்கும். ஆனா 2012ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கு. பாடகர்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. உறுப்பினராகச் சேர்ந்தால்தான் பணம் தேடி வரும்.

3. வாய்ப்பேச்சில் உரிமையைக் கொடுக்க முடியாது. எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் போடவில்லை என்றால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடு என்று போடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' என்ற வார்த்தைகள் தெரிந்தால் கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் கீழே வைங்க. ஒருமுறை வக்கீலிடம் காட்டுங்க.

4. ஆர்டர் கொடுத்து வரையச் சொன்னால்? காசு வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோ, வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்கே. மாதச் சம்பளத்தில் டிசைன் போட்டால் அது நிறுவனத்துக்கு. கல்யாண போட்டோகிராபர்கள், ஃபிளெக்ஸ் டிசைனர்கள் இதைக் கவனிக்கணும்.

5. ஆனா உங்க பேர் உங்களுடையது. உரிமையை விற்ற பிறகும், 'இதைச் செய்தது நான்' என்று சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு. படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு அகற்றிப் போட்டதை எதிர்த்து, சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அரசே எதிரில் இருந்தும் கலைஞர் ஜெயித்த வழக்கு இது.

6. துணி டிசைனுக்கு விதி வேற. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துட்டா, அதன் பதிப்புரிமை போயிடும். பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். அதனால சந்தைக்கு விடும் முன்பே பதிவு செய்யணும்.

கீழ்பென்னாத்தூரில் இருந்து எங்கே தொடங்குவது?

உடனே சென்னைக்கு பஸ் ஏறணும் என்று அவசியம் இல்லை.

பள்ளி மாணவர்களுக்கு: அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் கற்கலாம்.

இசை படிக்க: திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், பரதநாட்டியம் போன்ற பிரிவுகளில் மூன்று ஆண்டுப் பயிற்சி. கட்டணம் குறைவு. ராப் பாடுறவங்களுக்கு இது எதுக்கு என்று கேட்காதீங்க. தாளக் கணக்கு தெரிஞ்சவன் பாட்டு தனியாத் தெரியும்.

ஓவியம், சிற்பம் படிக்க: சென்னை, கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரிகள், மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. நான்கு ஆண்டு பட்டப்படிப்புகள். மதிப்பெண்ணோடு கைத்திறனும் பார்ப்பாங்க. எனவே பிளஸ் டூ படிக்கும்போதே தினமும் ஒரு ஸ்கெட்ச் போட்டு, தேதியோடு சேர்த்து வைங்க. அரசுக் கல்லூரி என்பதால் தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு.

நடிப்பு, நாடகம்: இதுக்கு நகரமே நம்ம மாவட்டத்தைத் தேடி வந்த வரலாறு இருக்கு. செய்யாறு பக்கம் புரிசை தெருக்கூத்துக் கலைஞர்களிடம் இருந்து உந்துதல் பெற்றவர் ந. முத்துசாமி. அவர் 1977ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயிற்சி பெற்ற பலர் பிறகு சினிமாவில் பெயர் வாங்கினாங்க. நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்தை, கடைசி வரிசையில் செல்போன் பார்த்தபடி கடந்து போகாதீங்க. குரல், அடவு, முகபாவம் எல்லாம் அங்கே இலவசப் பாடம்.

வீட்டில் என்ன சொல்வது?

'சோறு போடுமா?' என்ற கேள்வி தப்பான கேள்வி இல்லை. கடலை அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் கணக்குப் போட்டு வாழும் குடும்பத்தில், வருமானம் எப்போ வரும் என்று தெரியாத ஒரு தொழிலைப் பார்த்து அம்மா அப்பா பயப்படுவது இயல்பு.

நேர்மையான பதில் இதுதான்: சிலருக்குப் போடும், பலருக்கு உடனே போடாது. அதனாலதான் இந்த உலகத்தில் நிலைத்தவர்களில் பலர் ஒரு கையில் வேலை, இன்னொரு கையில் கலை என்று ஆரம்பித்தவர்கள். சோழமண்டல் ஓவியர்கள் கைவினைப் பொருள் விற்றாங்க. கோவளம் பசங்க பயிற்சி கொடுத்துச் சம்பாதிக்கிறாங்க. அறிவு பொறியியல் படித்தவர். ஊரிலேயே ஃபிளெக்ஸ் டிசைன், ஆல்பம் எடிட்டிங் தெரிந்தவருக்கு மாத வருமானம் ஒன்று இருக்கு. அதை விடாமல், ராத்திரி தன் பாட்டை, தன் ஓவியத்தைச் செய்யலாம்.

அப்படி செய்யும்போது மூன்று விஷயத்தை மறக்காதீங்க. செய்த எல்லாவற்றையும் தேதியோடு சேமிங்க. நண்பனோடு சேர்ந்து செய்தால், பாட்டு ஹிட் ஆகும் முன்பே பங்கை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கட்டும். எங்கே வெளியானாலும் உங்க பேர் அதில் இருக்கா என்று பாருங்க.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்பில் இருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர அரை நாள்கூட ஆகாது. போகும்போது பையில் துணிமணியோடு, உங்க ஸ்கெட்ச் புத்தகமும் உங்க பேர் போட்ட ஒப்பந்தக் காகிதமும் இருக்கட்டும்.